தூளா, குருணையா, பெல்லட்டா? – கறிக்கோழித் தீவனம் பற்றி வாசகர் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கறிக்கோழித் தீவனத்தின் வடிவம் பற்றியவை: அரைத்த தூள், தூளை அழுத்திச் செய்த சின்ன உருளைகளான பெல்லட், பெல்லட்டை உடைத்த குருணை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஒரே ஃபார்முலா, ஒரே மூலப்பொருள். ஒரு கொட்டகைக்குத் தூளாகவும் இன்னொன்றுக்குப் பெல்லட்டாகவும் போட்டேன். பெல்லட் தின்ற கோழிதான் எடை கூடுதல். சத்து ஒன்றுதானே, வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

பதில்: மூன்று இடங்களிலிருந்து வருகிறது. பெல்லட்டாக்கினால் செரிமானம் கூடிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தப் பங்கு சிறியது.

பெரிய பங்கு, கோழி தின்பதற்குச் செலவழிக்கும் நேரத்தில் இருக்கிறது. கோழிக்குப் பல் இல்லை, உதடு இல்லை. தூளை ஒவ்வொரு கொத்தாக எடுத்து, எச்சிலில் நனைத்து விழுங்க வேண்டும். 1962-இல் வெளியான ஓர் ஆய்வில் 12 மணி நேரப் பகலில் குஞ்சுகள் தீவனத்தட்டில் நின்ற நேரத்தை அளந்தார்கள். தூள் தின்றவை 14.3 விழுக்காடு நேரம் நின்றன, பெல்லட் தின்றவை 4.7 விழுக்காடு மட்டுமே. அதாவது சுமார் 103 நிமிடம் எங்கே, 34 நிமிடம் எங்கே! மிச்ச நேரத்தில் கோழி படுத்துக் கிடக்கிறது. நின்று, நடந்து, கொத்திச் செலவாக வேண்டிய சக்தி உடம்பில் சதையாகச் சேர்கிறது. இப்படி மிச்சமாகும் சக்தியைப் பின்னாளில் கணக்கிட்டவர்கள், உடையாத முழுப் பெல்லட்டாகக் கிடைத்தால் ஒரு கிலோ தீவனத்துக்கு 187 கிலோ கலோரி வரை மிச்சம் என்று கண்டார்கள். கிலோவுக்கு 3,100 கிலோ கலோரி உள்ள தீவனத்தில் இது ஏறத்தாழ 6 விழுக்காடு. எண்ணெய் சேர்த்து அதே அளவு சக்தியைக் கூட்ட வேண்டுமென்றால் என்ன செலவாகும் என்று போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, பொறுக்கித் தின்னும் பழக்கம். தூளில் கோழி மக்காச்சோளத்தின் பெரிய துணுக்குகளைத் தேடிக் கொத்தும். சோயா மாவும் வைட்டமின்–தாதுக் கலவையான பிரிமிக்ஸும் உப்பும் சுண்ணாம்பும் தட்டின் அடியில் தங்கிவிடும். பலமுள்ள கோழி சோளத்தை முடித்துவிட்டுப் போக, பின்னால் வரும் நோஞ்சான் கோழிக்குக் கிடைப்பது அடித்தூள்தான். கொட்டகையில் எடை ஏறுமாறாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெல்லட்டில் எந்தக் கோழி கொத்தினாலும் ஒவ்வொரு வாயிலும் முழு ஃபார்முலாவும் போகிறது.

மூன்றாவது, சேதாரம். தூள் அலகில் ஒட்டித் தண்ணீரில் கரைகிறது, கூளத்தில் சிந்தினால் திரும்பக் கிடைக்காது. சிந்திய பெல்லட்டைக் கோழி பெரும்பாலும் தேடித் தின்றுவிடும்.

இவற்றோடு, பெல்லட் போட்டால் கோழி தின்னும் அளவும் கூடும். எடைக் கூடுதலில் ஒரு பகுதி இந்தக் கூடுதல் தீனியால் வருவதாகவும் இருக்கலாம். அதனால் எடையை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல், எஃப்.சி.ஆர். எனப்படும் தீவன மாற்று விகிதத்தையும் (ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் செலவானது என்பதையும்) சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: எந்த வயதில் எந்த அளவு? ஒரு நாள் குஞ்சுக்கே சின்னப் பெல்லட் போடலாமா?

பதில்: அலகு திறக்கும் அளவுதான் இதற்கு அளவுகோல். முதல் 10 நாளுக்குச் சலித்த குருணை, 1.5 முதல் 3 மி.மீ. வரை. 11 முதல் 18 நாள் வரை 2 மி.மீ. அளவுள்ள மினி பெல்லட் அல்லது சற்றுப் பருத்த குருணை. அதற்குப் பிறகு 3 முதல் 4 மி.மீ. விட்டமும் 5 முதல் 7 மி.மீ. நீளமும் உள்ள பெல்லட். இதைவிட நீளமாக இருந்தால் கோழி கவ்விக்கொண்டு ஓடும், மற்றவை துரத்தும், கடைசியில் கூளத்தில் விழும்.

குருணை என்றால் பெல்லட்டை ரோலரில் உடைத்துச் சலித்தது. சலிப்பு முக்கியம். உடைக்கும்போது தூள் நிச்சயம் விழும். அதை அப்படியே மூட்டை கட்டினால், குருணைக்கான விலை கொடுத்து நீங்கள் வாங்குவது பாதித் தூள். நல்ல ஸ்டார்ட்டர் (குஞ்சுகளுக்கான முதல் கட்டத் தீவனம்) குருணையில் 1 மி.மீ.க்குக் கீழ் உள்ளது 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

குஞ்சு இறங்கிய முதல் இரண்டு மூன்று நாள் தட்டை மட்டும் நம்பாதீர்கள். தரையில் காகிதம் விரித்துத் தண்ணீர் வரிசைக்கு அருகே குருணையைத் தூவுங்கள், ஒரு குஞ்சுக்குக் குறைந்தது 40 கிராம் கணக்கு. காகிதத்தில் நடக்கும்போது எழும் சரசரப்பே குஞ்சைத் தீனிக்கு இழுக்கும். தின்றதா இல்லையா என்பதைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கொட்டகையின் மூன்று நான்கு இடங்களில் மொத்தம் 30–40 குஞ்சுகளைப் பிடித்துத் தீனிப்பையை மெல்ல அழுத்துங்கள். இறங்கி 2 மணி நேரத்தில் 75 விழுக்காடு குஞ்சுகளுக்கும் 24 மணி நேரத்தில் 95 விழுக்காட்டுக்கும் தீனிப்பை நிறைந்திருக்க வேண்டும். மெத்தென்று உருண்டிருந்தால் தீனியும் தண்ணீரும் கிடைத்திருக்கிறது. நிறைந்து, ஆனால் குருணை விரலில் நெருடினால் தண்ணீர் போதவில்லை. வெறும் தண்ணீர்ப்பை போலத் தளதளவென்று இருந்தால் தீனி போதவில்லை. குருணையின் தரத்தைப் பற்றிச் சண்டை போடுவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். முதல் வாரப் புகார்களில் பாதி, தண்ணீர் வரிசையிலும் கொட்டகைச் சூட்டிலும் இருக்கும் குறைகள்.

கேள்வி: மூட்டையில் பெல்லட் என்றுதான் போட்டிருக்கிறது. விலையும் அதற்கேற்பக் கொடுக்கிறேன். ஆனால் எடை தூள் தீவனம் போட்ட காலத்தைப் போலத்தான் இருக்கிறது. தட்டின் அடியில் எப்போதும் தூள் தேங்குகிறது.

பதில்: உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. கோழிக்கு மூட்டைமேல் அச்சிட்டதால் பயனில்லை, தட்டில் இருப்பதுதான் கணக்கு. மேலே சொன்ன சக்தி மிச்சமெல்லாம் முழுப் பெல்லட்டுக்குத்தான். உடைந்து தூளாகும் அளவுக்கு அந்த லாபம் கரைந்துகொண்டே வரும். உலகெங்கும் விற்பனையாகும் கறிக்கோழி இனம் ஒன்றின் மேலாண்மைக் கையேடு, 1 மி.மீ.க்குக் குறைவான தூள் 10 விழுக்காடு கூடினால் 35-ஆம் நாள் எடையில் 40 கிராம் குறையும் என்கிறது. பாதிப் பெல்லட் பாதித் தூளாக இருக்கும் தீவனத்தில், தூள் தீவனத்தைவிடப் பெரிதாக எதுவும் தேறாது. பெரிய கோழி பெல்லட்டைப் பொறுக்கும், சின்னது தூளோடு நிற்கும்.

முதலில் அளந்து பாருங்கள். 1 மி.மீ. கண் உள்ள சல்லடையும் கிராம் காட்டும் தராசும் போதும். மூன்று இடங்களில் மாதிரி எடுக்க வேண்டும்: புதிதாகப் பிரித்த மூட்டையின் நடுவிலிருந்து ஒரு கிலோ, தீவன வரிசையின் முதல் தட்டுக்குள் விழும் தீவனத்திலிருந்து ஒரு கிலோ, கடைசித் தட்டுக்குள் விழுவதிலிருந்து ஒரு கிலோ. கோழி தின்று மிச்சம் வைத்ததை எடுக்காதீர்கள், அதில் தூள் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். ஒவ்வொன்றையும் 30 விநாடி ஒரே வேகத்தில் சலியுங்கள். அடித்துத் தட்டினால் நீங்களே பெல்லட்டை உடைத்துவிடுவீர்கள். விழுந்த தூளின் எடையைக் கிராமில் எடுத்துப் 10-ஆல் வகுத்தால் விழுக்காடு வந்துவிடும்.

மூட்டையிலேயே 20, 25 விழுக்காடு தூள் என்றால் குறை ஆலையில். சீட்டில் தேதியும் பேட்ச் எண்ணும் குறித்து, சலித்த தூளையும் பெல்லட்டையும் தனித்தனியாகக் கட்டி விற்றவரிடம் காட்டுங்கள். வாய்ச்சண்டையைவிட இரண்டு பைகள் சீக்கிரம் பேசும்.

மூட்டையில் 8, கடைசித் தட்டில் 25 என்றால் குறை உங்கள் கொட்டகையில். தூக்கி எறியும் மூட்டை, உயரத்திலிருந்து ஹாப்பரில் (தீவனத் தொட்டியில்) கொட்டுவது, குழாயில் தீவனத்தை நகர்த்தும் ஆகர் சுருள் தேய்ந்து குழாய்ச் சுவரில் உரசுவது, வரிசை நீளமாக இருந்து மோட்டார் அடிக்கடி நின்று ஓடுவது ஆகியவற்றில் ஏதோ ஒன்று பெல்லட்டை அரைக்கிறது. சுருளைத் தீவனம் இல்லாமல் ஓடவிட்டுக் காதை வைத்துக் கேளுங்கள். உரசும் இடம் தெரிந்துவிடும். வளைவு உள்ள இடங்களில்தான் சேதம் அதிகம்.

முதல் தட்டிலும் கடைசித் தட்டிலும் சரியாகவே விழுகிறது, ஆனாலும் தட்டின் அடியில் மட்டும் தூள் கட்டிக்கிடக்கிறது என்றால் அது நிரப்பும் பழக்கத்தால் வருவது. எப்போதும் மேலே புதிதாகப் பெல்லட்டைக் கொட்டிக்கொண்டிருந்தால் கோழி அடித்தூளைத் தொடாது. நாளுக்கு ஒரு முறை, கோழி சுறுசுறுப்பாக இருக்கும் வெளிச்ச நேரத்தில், தட்டுகளை ஏறத்தாழக் காலியாக விடுங்கள். தூளைக் கொத்தி முடித்ததும் நிரப்புங்கள். அரை மணி, முக்கால் மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். ரொம்ப நேரம் காலியாக இருந்தால், நிரப்பியதும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி முதுகில் கீறல் விழும், அந்தத் தோல் காயம் கடைசியில் விலையில் தெரியும். தட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீவனம் வேண்டாம். தட்டின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு இருக்கட்டும், வாரத்துக்கு இரண்டு முறையாவது உயர்த்துங்கள்.

கேள்வி: சிறிய அளவில் பெல்லட் ஆலை வைத்திருக்கிறோம். பெல்லட் உதிர்ந்துபோகிறது. டை மாற்றினால் சரியாகுமா?

பதில்: டையில், அதாவது மாவைப் பெல்லட்டாக அழுத்தி வெளியேற்றும் துளைத் தகட்டில், கை வைக்கும் முன் ஆலைக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு கணக்கைப் பாருங்கள். பெல்லட்டின் உறுதியில் 40 விழுக்காடு ஃபார்முலா, 20 அரைப்பு, 20 நீராவிப் பதம், 15 டை, 5 ஆறவைப்பு. இது துல்லியமான அளவீடு அல்ல, ஆனால் எங்கே தேட வேண்டும் என்ற வரிசையைச் சரியாகக் காட்டுகிறது. டை நான்காவதாகத்தான் வருகிறது.

ஃபார்முலாவில் முதல் சந்தேகம் எண்ணெய். மிக்சரில் சேர்க்கும் எண்ணெய் 1 முதல் 1.5 விழுக்காட்டைத் தாண்டினால் டையில் வழுக்கிக்கொண்டு போகும், இறுகாது. எண்ணெய் 3, 4 விழுக்காடு வேண்டுமென்றால் ஒரு விழுக்காட்டை மிக்சரிலும் மீதியைப் பெல்லட் வெளியே வந்த பிறகு தெளிப்பானிலும் கொடுங்கள். எண்ணெய் எடுக்காத தவிடும் இதே வேலையைச் செய்யும், அதில் எண்ணெய் ஒளிந்திருக்கிறது. மக்காச்சோளம்–சோயா கலவை தானாக நன்றாக ஒட்டாது. கோதுமை 10 விழுக்காடு சேர்ந்தாலே வித்தியாசம் தெரியும், அதிலுள்ள குளூட்டன் பிடித்துக்கொள்ளும். அது கட்டுப்படியாகாவிட்டால் பெல்லட் பைண்டர்தான் வழி. ஆனால் பெண்டோனைட் போன்ற களிமண் வகைகளில் சத்து எதுவும் இல்லை, அது பிடிக்கும் இடத்தை ஃபார்முலாவில் கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நீராவி. மாவுக்கு நீராவி ஏற்றும் கண்டிஷனரிலிருந்து வெளியேறும் மாவின் சூடு 80 முதல் 85 டிகிரி செல்சியஸ், அதில் தங்கும் நேரம் 30 முதல் 60 விநாடி. நீராவியால் சூடு ஒவ்வொரு 13 டிகிரி ஏறும்போதும் மாவின் ஈரம் சுமார் 1 விழுக்காடு கூடும். 30 டிகிரியில் 11.5 விழுக்காடு ஈரத்தோடு உள்ளே போன மாவு 82 டிகிரியில் வெளியே வந்தால் ஈரம் 15.5 இருக்க வேண்டும். அதைவிட நிறையக் கூடுதலாக இருந்தால் உங்கள் நீராவியில் தண்ணீர் கலந்து வருகிறது. குழாயில், நீராவியிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் நீர்ப்பொறியைப் பாருங்கள். ஈரம் 17-ஐத் தாண்டினால் ரோலர் வழுக்கி டை அடைத்துக்கொள்ளும். அப்போது ஆபரேட்டர் செய்வது நீராவியைக் குறைப்பது. மெஷின் ஓடும், ஆனால் பெல்லட் உதிரும். பெரும்பாலான சின்ன ஆலைகளில் உதிர்வின் கதை இதுதான்.

எளிய பரிசோதனை: கண்டிஷனருக்குக் கீழே கதவைத் திறந்து ஒரு கைப்பிடி மாவை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. கையைத் திறந்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் இரண்டு மூன்று துண்டாகப் பிளக்க வேண்டும். பொடியாக உதிர்ந்தால் ஈரம் போதாது, பிசைந்த மாவாக ஒட்டினால் கூடுதல்.

டை என்று பார்த்தால், 4 மி.மீ. துளைக்கு 40 முதல் 50 மி.மீ. அழுத்த நீளம் (மாவு அழுந்திச் செல்லும் துளையின் நீளம்) கறிக்கோழித் தீவனத்துக்கு வழக்கம். துளையின் வாய் தேய்ந்து அகன்றிருந்தால் மட்டும் மாற்றுங்கள். ஆறவைப்பில் 5 விழுக்காடுதானே என்று விடவும் முடியாது. வெளியே வரும் பெல்லட், காற்றின் சூட்டைவிட 5 முதல் 8 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது, ஈரம் 12-ஐ ஒட்டி இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக மூட்டை கட்டினால் உள்ளே நீர் பூத்துப் பூஞ்சணம் பிடிக்கும். பெல்லட்டின் உறுதிக் குறைவு எடையைக் குறைக்கும், பூஞ்சணம் ஈரலையே கெடுக்கும்.

உறுதியை எண்ணாகப் பார்க்க, சலித்த பெல்லட் 500 கிராமைச் சுழல் பெட்டியில் நிமிடத்துக்கு 50 சுற்று வீதம் 10 நிமிடம் சுழற்றி, மறுபடி சலித்து, சல்லடையில் தங்கியதை எடை போட்டு 500-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள். 90-க்கு மேல் வந்தால் நல்லது. 80-க்குக் கீழ் வந்தால் அந்த பேட்ச் கொட்டகைக்குப் போய்ச் சேர்வதற்குள் தூளாகிவிடும்.

கேள்வி: பெல்லட்டுக்கு மாறியபின் மூன்றாவது வாரத்தில் நல்ல திடகாத்திரமான கோழிகள் திடீரென்று மல்லாந்து சாகின்றன. சிலவற்றுக்கு வயிற்றில் நீர் கட்டுகிறது. தீவனத்தில் விஷமா?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டும் வேறு வேறு. மல்லாந்து சாவது திடீர் இறப்பு நோய். பெரும்பாலும் சேவல்களில், நன்றாக வளர்ந்தவற்றில் வரும். சிறகை ஒரு முறை படபடவென அடித்து விழுந்துவிடும், அறுத்துப் பார்த்தால் தீனிப்பையும் குடலும் நிறைந்திருக்கும். வயிற்றில் நீர் கட்டுவது, இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்து வருவது. உடம்பு வளரும் வேகத்துக்கு ஆக்சிஜன் போதாதபோது நுரையீரலுக்கு ரத்தம் தள்ளும் பக்கம் களைத்துப்போகிறது. குளிரும் அடைபட்ட காற்றும் அம்மோனியா நெடியும் உயரமான இடமும் இதைக் கூட்டும்.

இரண்டுக்கும் பொதுவானது வேகமான வளர்ச்சி. பெல்லட் அந்த வேகத்தைக் கொடுக்கிறது, அதனால் இரண்டும் தூளைவிடப் பெல்லட்டில் கூடுதலாகத் தெரியும். தீவனத்தில் விஷம் என்றால் மெலிந்ததும் கொழுத்ததும் சேர்ந்து சாகும், தீனி எடுப்பதும் எல்லாவற்றிலும் குறையும்.

இதற்காகப் பெல்லட்டைக் கைவிட வேண்டியதில்லை. இரண்டாவது வாரத்தில் மட்டும் வேகத்தைச் சற்று இழுத்துப் பிடித்தால் போதும். 7-ஆம் நாளுக்கு மேல் இரவில் தொடர்ச்சியாக 4 முதல் 6 மணி நேரம் இருட்டு கொடுங்கள். இன்னொரு வழி, 8 முதல் 14 நாள் வரை தூளாகப் போட்டு மறுபடி பெல்லட்டுக்குத் திரும்புவது. அந்த ஒரு வாரத்தில் பின்தங்கும் எடையைப் பெரும்பாலும் கோழி பிறகு ஈடுசெய்துவிடும். இருட்டு முறைதான் எளிது, அதையே முதலில் செய்யுங்கள். குளிர் நாளில் சூட்டுக்காகத் திரையை முழுவதும் மூடிவிடாமல், மேலே ஒரு கைப்பிடி அகலமாவது திறந்து வையுங்கள். இறப்பு ஒரே நாளில் கிடுகிடுவென ஏறினால் இவற்றை நம்பி உட்கார்ந்திருக்காமல் இறந்த கோழிகளோடு கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: பெல்லட் மெஷினுக்கு வழியில்லை. சொந்தமாக அரைத்துத் தூளாகத்தான் போடுகிறேன். முடிந்த அளவு எப்படி நல்லதாக்குவது? நைசாக அரைத்தால் நன்றாகச் செரிக்குமா?

பதில்: நைசாக அரைப்பதுதான் தூள் தீவனத்தில் நடக்கும் பெரிய தவறு. மாவு போன்ற தீவனம் அலகில் பசையாக ஒட்டும், மூக்கை அடைக்கும், தண்ணீர்த் தட்டைக் கூழாக்கும், தின்னும் அளவு குறையும். செரிமானத்துக்கும் அது உதவாது. கோழியின் அரைவைப் பைக்கு வேலை வேண்டும். பருத்த துணுக்கு வந்தால் அந்தத் தசை பலப்படும், தீனி அதில் கூடுதல் நேரம் தங்கும், அமிலத்தோடு நன்றாகக் கலக்கும், கெட்ட கிருமிகளும் அங்கேயே ஓரளவு அடிபடும். மாவாக வந்தால் அது வெறும் குழாய்போல வழிவிட்டுவிடும். பெல்லட் தின்ற கோழியை அறுத்தால் அரைவைப் பை சிறுத்திருப்பதும் இதனால்தான். பெல்லட் மெஷினின் ரோலர் மாவை இன்னொரு முறை அரைத்துவிடுகிறதல்லவா? அதற்கு மாற்றாகச் சிலர் இரண்டாவது வாரத்துக்குப் பிறகு பெல்லட்டோடு முழுக் கோதுமை 10 விழுக்காடு சேர்க்கிறார்கள். அப்போது பெல்லட்டின் ஃபார்முலாவைப் புரதம் கூட்டித் திருத்தினால்தான் கணக்கு சரியாக வரும்.

உங்கள் தூளுக்கு வருவோம். 3, 2, 1 மி.மீ. சல்லடைகள் மூன்றை அடுக்கிச் சலித்தால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ கால் பங்கு தங்கி, கடைசிக் கால் பங்கு மட்டும் அடியில் விழ வேண்டும். ஹாமர் மில்லில் 4 அல்லது 5 மி.மீ. சல்லடையில் தொடங்கி இந்தப் பங்கீடு வரும்வரை மாற்றிப் பாருங்கள். சுத்தியல்களின் முனை மழுங்கியிருந்தால் சோளம் உடையாமல் நசுங்கி மாவாகும். நான்கு முனையும் தேயும்வரை திருப்பிப் போடலாம், பிறகு மாற்ற வேண்டும். முதல் 10 நாள் குஞ்சுக்கு 3 மி.மீ.க்கு மேல் உள்ளதைச் சலித்து எடுத்துவிடுங்கள்.

கலக்கும் வரிசை: பிரிமிக்ஸ், உப்பு, அமினோ அமிலம் போன்ற சிறு அளவுப் பொருள்களை முதலில் 5 கிலோ அரைத்த சோளத்தில் கையால் கலந்துகொள்ளுங்கள். மிக்சரில் பாதிச் சோளம், சோயா, மேற்படிக் கலவை, பிறகு மீதிச் சோளம். உலர்ந்த நிலையில் கலந்த பிறகே எண்ணெய், அதையும் ஒரே இடத்தில் ஊற்றாமல் தெளியுங்கள். 2 விழுக்காடு எண்ணெய் இருந்தால் தூசி அடங்கும், கனமான சுண்ணாம்பு அடியில் இறங்குவதும் குறையும். படுக்கை மிக்சர் என்றால் எல்லாம் போட்டபின் 3 முதல் 5 நிமிடம், நின்ற மிக்சர் என்றால் 12 முதல் 15 நிமிடம்.

ஒன்றை மறக்காதீர்கள்: தூள் தின்னும் கோழி தட்டில் நிற்கும் நேரம் அதிகம். பெல்லட் போடுபவர் 38 செ.மீ. குழாய்த் தட்டு ஒன்றுக்கு 70 கோழி வைத்தால், நீங்கள் 50 என்று வையுங்கள்.

கேள்வி: அவ்வளவு சூட்டில் வைட்டமின்களும் என்சைமும் அழியாதா?

பதில்: ஓரளவு அழியும். பூச்சு இல்லாத ஃபைட்டேஸ் என்சைம் 80, 85 டிகிரியைத் தாண்டினால் பலவீனமாகும். வைட்டமின் கே, பி1, சி ஆகியவையும் இழக்கும். சூடு தாங்கும் என்சைம் வாங்குங்கள், அல்லது திரவ என்சைமைப் பெல்லட் மேல் தெளியுங்கள். புரோபயாட்டிக்கில் பேசிலஸ் வகை வித்தாக இருப்பதால் தாங்கும், லாக்டோபேசிலஸ் தாங்காது. அதைத் தண்ணீரில் கொடுங்கள். மறுபுறம், அதே சூடு சால்மொனெல்லாவையும் குறைக்கிறது. ஆனால் 90 டிகிரியைத் தாண்டுவதில் லாபம் இல்லை.

கேள்வி: தூளைத் தண்ணீரில் நனைத்துப் போட்டால் கோழி அள்ளித் தின்கிறது. தொடரலாமா?

பதில்: ஒரு கிலோ தூளுக்கு 1.3 லிட்டர் அளவில் நனைத்தால் தீனி எடுப்பது கூடும், எடையும் வரும். ஆனால் சில மணி நேரத்தில் புளிக்கும், ஓரங்களில் காய்ந்து பூஞ்சணம் கட்டும், வெயில் நாளில் இன்னும் சீக்கிரம். சில நூறு கோழி வைத்திருப்பவர் நாளுக்கு இரண்டு முறை போட்டு, மிச்சத்தை அள்ளி, தட்டைக் கழுவ முடிந்தால் செய்யலாம். ஆயிரக்கணக்கில் வேண்டாம்.

கேள்வி: பெல்லட் விலை கூடுதல். எவ்வளவு வரை கொடுத்தால் கட்டுப்படியாகும்?

பதில்: உங்கள் இரண்டு எஃப்.சி.ஆர்.களை வகுத்தால் போதும். உதாரணத்துக்கு, தூளில் 1.75, பெல்லட்டில் 1.62 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.75-ஐ 1.62-ஆல் வகுத்தால் 1.08. அதாவது பெல்லட் 8 விழுக்காடு வரை விலை கூடுதலாக இருந்தாலும் தீவனச் செலவு சமம். அதற்கு மேல் நஷ்டம். விற்பனை எடை இரண்டு நாள் முன்னால் வருவதன் லாபத்தை இதோடு தனியாகக் கூட்டிக்கொள்ளலாம், இறப்பு கூடினால் கழிக்க வேண்டும்.

எஃப்.சி.ஆர். போடும்போது கொட்டிய மூட்டையைக் கணக்கில் எடுக்கிறோமா, மீதியைக் கழிக்கிறோமா என்பதில் இரண்டு பேட்சுக்கும் ஒரே முறையை வையுங்கள். ஃபார்முலாவும் ஒன்றாக இருக்க வேண்டும். புரதம் கூடுதலான பெல்லட்டையும் குறைவான தூளையும் ஒப்பிட்டுவிட்டு வடிவத்துக்குப் பெயர் வாங்கித் தருவது நிறைய நடக்கிறது. அதேபோல மோசமான மூலப்பொருளையும் பெல்லட் அழகாகக் காட்டும். தூளில் கண்ணுக்குத் தெரியும் உமியும் சொத்தைச் சோளமும் பெல்லட்டில் தெரியாது. அதனால் பெல்லட் வாங்குபவர் ஆய்வகச் சோதனைக்கு அவ்வப்போது ஒரு மாதிரி அனுப்புவது நல்லது.

கேள்வி: பேட்ச் நடுவில் பெல்லட் கிடைக்காமல் தூளுக்கு மாற வேண்டியதாயிற்று. கோழி இரண்டு நாள் சரியாகத் தின்னவில்லை. கலந்து மாற்றியிருக்க வேண்டுமா?

பதில்: ஸ்டார்ட்டரிலிருந்து ஃபினிஷருக்கு (கடைசிக் கட்டத் தீவனத்துக்கு) மாறும்போது, வடிவம் ஒத்திருந்தால் மூன்று நாள் கலந்து மாற்றுவது சரி. பெல்லட்டிலிருந்து தூளுக்கு அது பயன்படாது. எவ்வளவு கலந்தாலும் கோழி பெல்லட்டைப் பொறுக்கிவிட்டுத் தூளை விட்டுவிடும். கையிருப்பில் உள்ள கடைசிப் பெல்லட்டைக் குருணையாக உடைத்து இரண்டு நாள் கொடுத்து, தட்டு காலியானதும் பருத்த தூளை 2 விழுக்காடு எண்ணெயோடு நிரப்புங்கள். தட்டு எண்ணிக்கையையும் அன்றே கூட்டுங்கள். கடும் வெயிலில் இந்த மாற்றம் வந்தால் அதிகாலையிலும் மாலைக்கு மேலும் தீனி கிடைக்கும்படி விளக்கு நேரத்தை அமையுங்கள். நண்பகலுக்கு முன்னிருந்தே தட்டை உயர்த்திவிட்டுத் தண்ணீரை மட்டும் ஓடவிடுங்கள். மிதமான சூட்டில் கோழி தின்னும் எடையைப்போல் 1.8 மடங்கு தண்ணீர் குடிக்கும், வெயிலில் அது இரண்டு மடங்கைத் தாண்டும். தூள் ஒட்டிய அலகால் தண்ணீர் நிப்பிளும் தட்டும் சீக்கிரம் அழுக்காகும் என்பதால் அந்த வாரம் தண்ணீர் வரிசையைத் தினமும் அலசிவிடுங்கள்.